பதினோராவது நொடி

பதினோராவது நொடியில் ஒரு கை வந்தது.

கண்ணாடிப் புனலின் கழுத்தில் ஒற்றை விரலால் இரண்டு தட்டு. தூள் பொலபொலவென்று குப்பிக்குள் இறங்கியது. கை போய்விட்டது.

அவள் காணொளியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். மணிக்கட்டில் அமிலம் பட்ட பழைய தழும்பு.

அவளுடைய கைதான்.

அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘மனிதக் கை படாமல் முந்நூறு வேதிவினைகள்’.

இயந்திரமே தூளை அளந்து புனலில் கொட்டும், கலக்கும், சூடாக்கும். விளைந்ததைப் பார்த்து அடுத்த வினையைத் தானே தீர்மானிக்கும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். அப்படித்தான் எழுதியிருந்தாள். நம்பியும் இருந்தாள்.

முதலில் தட்டியது ஓர் ஐப்பசியில். ஈரக்காற்றில் தூள் புனலிலேயே ஒட்டிக்கொண்டது. தட்டினால் இறங்கியது. மழை விட்டது, விரல் விடவில்லை. சித்திரை வெயிலிலும் தட்டியிருக்கிறாள்.

இயந்திரம் எல்லாவற்றையும் பதிவு செய்யும். இந்தத் தட்டலைச் செய்யவில்லை. விரல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

அவளுக்கும்தான் தெரியவில்லை.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழ் எல்லோரும் படிக்கத் திறந்திருப்பது. சந்தா இல்லை, பூட்டு இல்லை. ஆனால் இயந்திரத்தை ஓட்டும் நிரல், பதிவுகள், தோற்றுப்போன வினைகள், காணொளி, எல்லாவற்றையும் பொதுவில் வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துபார்க்கலாம்.

செய்துபார்த்துவிட்டார்கள்.

இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்த மதிப்பீட்டாளரின் கடிதம் திரையின் ஓரத்தில் திறந்தே கிடந்தது. “உங்கள் நிரலை எங்கள் இயந்திரத்தில் பத்தொன்பது முறை ஓட்டினோம். குப்பி காலியாகவே வருகிறது. நாங்கள் எதைத் தவறவிட்டோம்?”

நீங்கள் எதை மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

இதே கேள்வியை அவளும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். யாரோ எழுதிய கட்டுரையை நம்பிப் பதினான்கு மாதங்கள் போயின. மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு பல நாள் அழுதிருக்கிறாள்.

பேராசிரியர் வாசலில் வந்து நின்றார். ஜூனில் ஓய்வு பெறுகிறவர். காணொளியை அவரும் பார்த்திருந்தார்.

“அந்த ரெண்டு செகண்டை மட்டும் வெட்டிட்டு அனுப்பிரும்மா. அவங்களுக்கு வராததுக்கு அவங்க ஊரு ஈரப்பதம்தான் காரணம்னு சொல்லிக்கலாம். இந்த மாசம் இந்தப் பேப்பர் வரலேன்னா உன் தீசிஸும் போயிரும்.”

சொன்னவர் நிற்கவில்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. அலுப்புக்கு அடியில் பயமும் இருந்தது.

இயந்திரத்தை ஓடவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தூள் புனலில் விழுந்தது. அங்கேயே நின்றது.

விரல் தானாக எழுந்தது. இன்னொரு கையால் பிடித்து வைத்தாள்.

காலிக் குப்பி நகர்ந்து போனது. திரையில் பச்சை எழுத்தில் வந்தது: நிறைவடைந்தது.



பிறகு தலைப்பில் முதல் மூன்று சொற்களை அழித்தாள். மிச்சமிருந்ததை எந்த இதழ்தான் போடும் என்று அவளுக்கே தோன்றியது.

வெட்டாத காணொளியை ஏற்றினாள். மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதினாள்.

“நீங்கள் எதையும் தவறவிடவில்லை. பதினோராவது நொடியைப் பாருங்கள். அது என் கை.”

அனுப்பினாள்.

அடுத்த குப்பி வந்து நின்றது.

இந்தத் தடவை தெரிந்தே இரண்டு முறை தட்டினாள்.