ஈரல் வீங்கிய வாட்ச்மேன்

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுராஜ் அசடு வழிந்ததைக் கேட்டால் கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் மனுஷர் கஞ்சித் தூக்கைப் பார்த்துக் கொதித்தாரே, அதைக் கேளுங்கள்.

"ஏன் இன்பமேரி, குடிகாரனுக்கு என்னத்துக்குக் கஞ்சி?"

"காய்ச்சல்ல கெடக்கறாருங்க. பாவம்," என்றாள் அவர் மனைவி.

எஸ்டேட் வாட்ச்மேன் வெள்ளையன் போன வாரத்திலிருந்து ஏற்காட்டில் ஆஸ்பத்திரிவாசம். காய்ச்சல், மண்டையிடி, கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் வேறு வீங்கிவிட்டதாம். ஏசுராஜுக்கு அது போதுமே.

மஞ்சக்குட்டையிலிருந்து மனைவியோடு பஸ் பிடித்து வந்தவர், வார்டுக்குள் நுழைந்ததுமே பிரசங்க மேடைக் குரலை எடுத்தார்.

"வெள்ளையா, சாராயம் போகாம ஈரல் எப்பிடிடா வீங்கும்?"

"நான் தொடறதே இல்லீங்க."

"எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்றான். குடிச்சா யாரா இருந்தாலும் எஸ்டேட்ல வேலை கெடையாது, தெரியுமில்ல? சாயங்காலம் மேனேஜர்கிட்டச் சொல்லீர்றேன். வேற வேலை பாத்துக்க. எஸ்டேட் குடுத்த லைன் ஊட்டையும் காலி பண்ணீரு."

கட்டிலோரம் நின்ற வெள்ளையன் மனைவி கண்ணாயிக்கு முகம் வெளுத்தது. இன்பமேரி தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்.

"குடின்னு யாருங்க சொன்னது? ரத்தப் பரிசோதனை வந்திருச்சு. இது கியூ காய்ச்சல். ஆடு குட்டி போடறப்ப வர்ற தண்ணி, இளங்கொடிங்கற நஞ்சுக்கொடி, அதுல எல்லாம் கிருமி இருக்கும். மூச்சுல உள்ள போயிரும். சில பேருக்கு ஈரலைத் தாக்கும். மாத்திரையில சரியாயிரும். ஏனுங்க வெள்ளையன், கிட்டத்துல ஏதாச்சும் ஆட்டுக்குப் பிரசவம் பாத்தீங்களா?"

வெள்ளையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏசுராஜ் கெக்கெக்கே என்று சிரித்தார். "இவன்கிட்ட ஏதுங்கம்மா ஆடு? ஒரு கோழிக்குஞ்சுகூடக் கெடையாது."

"எதுக்குங்க இன்னும் மறைச்சுக்கிட்டு..." என்று கண்ணாயி வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு புள்ள," என்றான் வெள்ளையன்.

இன்பமேரி தூக்கை நங்கென்று கீழே வைத்தாள்.

"நம்மூட்டு ஆடுதானுங்க. ஈஸ்டரன்னிக்கு மத்தியானம் குட்டி குறுக்க மாட்டிக்கிச்சு. இவருதான் கையை விட்டு எடுத்தாரு. ரெண்டும் உசுரோட கெடைச்சது இவராலதான்."

"நான் ஊட்லதானே இருந்தேன்? என்னைய எழுப்பறதுக்கென்ன?"

"எழுப்பிப் பாத்தனுங்க. அடிவாரத்து விருந்துக்குப் போயிட்டு வந்து வாசல்லயே விழுந்து கெடந்தீங்க. வேட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். இவருதான் மொதல்ல உங்களைத் தூக்கிட்டுப் போயிக் கட்டில்ல போட்டாரு. ஒருத்தரும் பாக்கறதுக்குள்ள கதவைச் சாத்திட்டு, அப்பறந்தான் ஆட்டுகிட்டப் போனாரு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தான் வெயிலில் மயங்கி விழுந்ததாகவும், தட்டுத் தடுமாறித் தானே கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்த ஏசுராஜ், வெள்ளையனின் முதுகையே பார்த்தார்.

"இத்தனை பேசினனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

கண்ணாயிதான் பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா உங்க வேலை போயிருமுன்னாருங்க."