பிஸ்கட் டின்னுக்குள் பதினாலு கல்யாணம்

"என் கல்யாண சீடிய நான் கேக்குறேன். குடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க யாருக்கா?"

தனுஜா போட்ட சத்தத்தில் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்க நல்ல நாள்.

சந்திரகாந்தி கதவை விட்டு அசையவில்லை.

"கோவத்துல கேக்குற. நாளைக்கு வா, தர்றேன்."

"இப்பவே வேணும்."

"கைய தொடச்சிட்டு வந்தியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். தனுஜாவுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அந்த லயத்தில் ஒரு வழக்கம். பனியும் மழையும் ஒழுகும் தகரமுமாக, வீட்டில் வைத்த சீடியெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போகும். அதனால் ஒழுகாத கூரை என்று பேரெடுத்த சந்திரகாந்தி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பதினாலு கல்யாணம், ஆறு சடங்கு, ஒரு தேர்த் திருவிழா, எல்லாம் அவளுடைய பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன.

ஈரத்தை இழுக்க அடியில் துணியில் முடிந்த அரிசி. சீடிகளை ஒன்றின் மேல் ஒன்று போடாமல் நிறுத்தி வைப்பாள். மாதம் ஒருமுறை துடைப்பாள். கல்யாண சீடியெல்லாம் பசறை டவுனில் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை. உறையில் எழுதியிருக்கும் பேரைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும்.

பென் டிரைவில் ஏற்ற வேண்டும் என்று எல்லோரும் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டுமானால் அவள் வீட்டிலேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கையைத் துடைக்க வேண்டும், ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். "நம்ம சீடிய பாக்க இந்த தொரசாணிகிட்ட பெர்மிசன் கேக்கணும்" என்று முதுகுக்குப் பின்னால் பேசாதவர்கள் கிடையாது.

"ஒங்க வீட்டுல வச்சா அது ஒங்களுதா?" தனுஜா கையை நீட்டினாள். "அந்த ஆள் கொழும்புல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். நேத்து அவனே போன்ல சொல்லிட்டான். எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம். குடுங்க."

சந்திரகாந்தி உள்ளே போனாள். திரும்பி வரச் சற்று நேரமானது.

உறையில் 'ரமேஸ் – தனுஜா' என்று எழுதியிருந்தது. தனுஜா சீடியை உருவி, முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தாள். ஆத்திரம் தீராமல் நாலாக உடைத்து வாசலோரச் சாக்கடைக் கானுக்குள் வீசினாள்.

சந்திரகாந்தி இறங்கிப் போய், சேற்றில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அடுத்தவ சீடிக்கு இவ எதுக்கு அழுவுறா?" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. எல்லோருக்கும் அது பேசிச் சிரிக்க ஒரு வாரத்துக்குப் போதுமாக இருந்தது.

நாலு மாதம் போனது. தனுஜாவின் அப்பா அழகையாவின் திதி வந்தது.

படையல் போடத் தனுஜா அப்பாவின் படத்தை எடுத்தாள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். யாரையோ முறைப்பது போல இருப்பார். வேறு படம் கிடையாது. வீட்டுக்கு நல்ல போன் வரும் முன்பே அவர் போய்விட்டார்.

சிரித்துக்கொண்டு ஒருமுறை கேமராவுக்கு முன்னால் நின்றாரே, எங்கே?

நினைவு வந்தது. அவள் கல்யாணத்தில்தான். ரமேசை உடைப்பதாக நினைத்து அப்பாவை உடைத்திருக்கிறாள்.

ஓடினாள்.

சந்திரகாந்தி வீட்டுக் கூரை மேல் அவள் புருசன் சுரேஸ், வருசா வருசம் செய்கிற மாதிரி, தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தத் துண்டெல்லாம் வச்சிருக்கீங்களா? ஒட்டுனா ஓடுமாக்கா? எங்கப்பா அதுல..."

"கைய தொடச்சிட்டு உள்ள வா."

சந்திரகாந்தி டின்னைத் திறந்து ஓர் உறையை எடுத்தாள். 'சுரேஸ் – சந்திரகாந்தி' என்றிருந்தது.

"இது ஒங்களோடதுக்கா."

"பேசாம ஒக்காரு."

சீடியைப் போட்டதும் டிவியில் பந்தல் தெரிந்தது. வாழைமரம் தெரிந்தது. வெள்ளை வேட்டியில் அழகையா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார். பேசச் சொல்லி யாரோ வற்புறுத்தினார்கள்.

"என்னாத்த பேசுறது? எம் மக தைரியக்காரி. எது வந்தாலும் நின்னுக்குவா. அவள நெனச்சி எனக்கு கவல இல்ல."

தனுஜா டிவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்திரகாந்தி அழவிட்டாள். ஓரத்தைப் பிடி, கண்ணாடியில் கை படும் என்று அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொல்லியிருந்தா இதையும் ஒடச்சிருப்ப. நீயா தேடி வரட்டும்னு இருந்தேன்."

தனுஜா முகத்தைத் துடைத்தாள். கையில் இருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப அன்னைக்கு நான் ஒடச்சது..."

தலைக்கு மேலே தகரம் சடசடத்தது. சந்திரகாந்தி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"எங் கல்யாண மாப்பிள்ள மேல நின்னு தார் பூசுறாரு, அவர நான் தெனமும் பாத்துக்குவேன். ஒங்கப்பாவ நீ வேற எங்க போயி பாப்ப?"