கதையில் விட்டுப்போனது

தாராவியின் அந்தத் தையல் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. மெஷின்கள் நின்றால் லூசியம்மாள் துப்பறியும் நாவலைக் கையில் எடுப்பாள்; அங்கே தமிழைத் திக்காமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தொடரின் ஆறாவது புத்தகம் இப்போது முடிகிறது. மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் புருஷனேதான். தகரக் கூரையின் ஓட்டையில் இறங்கும் வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. "ஏக்தம் பக்வாஸ்க்கா, சுத்தப் பேத்தல்! தினம் பூ வாங்கிட்டு வாற மனுசன் கொல்லுவானா?" என்கிறாள் இளையவள் ஜெனிஃபர். "ஏட்டி, எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சு போச்சு," என்று லூசியம்மாள் புத்தகத்தை மூடுகிறாள். காலர் துண்டுகளை அடுக்கும் விஜயராணி தலை நிமிராமல் சொல்கிறாள்: "எழுதுனவருக்கு ஒண்ணு தெரியல. கை வைக்கதுக்கு முன்னால அவன் டிவி சத்தத்தக் கூட்டி வச்சிருப்பான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்லா." சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொள்கிறாள். கரண்ட் வருகிறது. அணைக்காமல் விட்டிருந்த ரேடியோ, இந்திப் பாட்டோடு அலறத் தொடங்குகிறது. ஜெனிஃபர் எழுந்து போய் அதன் சத்தத்தைக் குறைக்கிறாள்.