வீட்டு மொழி

"உள்ளுக்குள்ளை நீர் வாயே திறக்கப்படாது. கதைக்கிறதெல்லாம் நான்."

தவநேசன் மனைவியிடம் இதைச் சொல்வது காலையிலிருந்து நாலாவது தடவை.

"ஓம்" என்றாள் துஷ்யந்தி, தலைமை ஆசிரியையின் அறை வாசலில் மகள் ஆரணியின் சப்பாத்து வாரை இறுக்கியபடி.

நர்சரியில் சேர்த்தால் கடைசிப் பரீட்சை வரைக்கும் ஜெர்மனிலும் போலிஷிலும் படிப்பிக்கிற லண்டன் பள்ளிக்கூடம் அது. மிச்சம் இருந்தது ஒரே இடம். பெற்றோரில் ஒருவராவது இரண்டில் ஒரு மொழியை வீட்டில் பேச வேண்டும் என்பது நிபந்தனை.

அவன் இருந்தான், எழும்பினான், நடந்தான், மறுபடி இருந்தான்.

"ஜெர்மனியிலை ஒன்பது வருஷம் இருந்தவன் நான். உம்மைப் போலை சான்ட்விச் ஃபக்டரி மட்டும் தெரிஞ்ச ஆளே?"

உள்ளே தலைமை ஆசிரியை ஜெர்மனில் ஏதோ கேட்டார். தவநேசன் சிரித்தான். மறுபடியும் கேட்டார். அவன் ஜெர்மனில் வணக்கம் சொன்னான். அந்த ஒன்பது வருஷமும் ஒரு உணவகக் குசினியில் தமிழ்ப் பெடியங்களோடு நின்று கோப்பை கழுவியவன் அவன். வணக்கத்துக்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

ஆசிரியை படிவத்தை ஒதுக்கி வைத்தார்.

அப்போது துஷ்யந்தி மெல்ல என்னவோ சொன்னாள். ஆசிரியை நிமிர்ந்தார். பிறகு இருவரும் பத்து நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். ஆசிரியை படிவத்தை இழுத்து எழுதினார்: வீட்டு மொழி, போலிஷ்.

வாசலுக்கு வந்ததும் தவநேசன் கேட்டான்:

"எங்கை பழகினனீர்?"

"ஃபக்டரியிலைதான். எட்டு வருஷமா எனக்கு ரெண்டு பக்கமும் போலந்துப் பெட்டையள்தானே நிக்கினம். நீங்கள் ஒருநாளாவது கேட்டனீங்களே?"

ஆரணி திரும்பி, ஆசிரியைக்குக் கையசைத்து என்னவோ சொன்னாள்.

அதுவும் அவனுக்கு விளங்கவில்லை.