ராணி பிழைத்தாளா?

அருமைநாயகத்தின் கண்ணாடி அலமாரியில் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. "கோடி கொடுத்தாலும் என்னை விக்க மாட்டார், தெரியுமா?" என்று தன்னை அரித்துக்கொண்டிருந்த ராமபாணப் பூச்சியிடமே பீற்றிக்கொண்டது.

"அது சரி, உன் கதை என்ன?" என்றது பூச்சி.

புத்தகம் திருதிருவென விழித்தது. "தோல் மடங்கிடும்னு என்னை யாரும் பிரிச்சதே இல்லை."

"நான் நாற்பது பக்கம் தின்னுட்டேன். ராணி இப்பதான் ஆத்துல குதிச்சா."

"ஐயையோ! அப்புறம்?"

அதற்குள் அருமைநாயகம் வந்து, "பூச்சி கீச்சி இருக்கா?" என்று புத்தகத்தை எடுத்து உதறினார். புத்தகம் பக்கங்களை இறுக்கிக்கொண்டது. ஒன்றும் விழவில்லை. அட்டையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

புத்தகம் கிசுகிசுத்தது: "போயிட்டார். சீக்கிரம் தின்னு, ராணி பிழைச்சாளா?"