பரிசுக் கவிதையின் கையெழுத்து

பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பரிசுக் கவிதையின் கீழே மனைவியின் பெயரைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுப் பெண் கவிதை எழுதினால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று, அவள் இறந்த அன்றே அவளுடைய நோட்டைத் தம் கையால் எரித்தவர் அவர். ஆறு வருடமாகிறது.

நேரே அந்தக் கவிதைப் போட்டியை நடத்தும் அலுவலகத்துக்குப் போனார்.

“என் மனைவி பேர்ல யாரைக் கேட்டு ஒட்டினீங்க? உடனே கிழிங்க!”

“எழுதினவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடாம நாங்க ஒட்டுறதில்ல சார்,” என்றாள் அலுவலகப் பெண். “அடுத்த கவிதைக்கும் இப்பத்தான் போட்டுட்டுப் போறாங்க.”

அவள் நீட்டிய தாளில் மனைவியின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. தொட்டார். மை விரலில் ஒட்டியது.

“இவ்வளவு எழுத நேரம் எப்படிம்மா கிடைக்குதுன்னு அவங்களையே கேட்டேன் சார். தினமும் மதியம் நீங்க தூங்குறப்ப, பக்கத்துல உக்காந்து எழுதுவாங்களாம்.”