ஒரு வீடு மட்டும் வேண்டாம் என்றது

மாடிப்படி பற்றி எரிந்தது. மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்துப் பூங்கொடி தெருவில் நின்று அலறினாள். தீயணைப்பு வண்டியோ தெருமுனைத் தடுப்புக்கு வெளியே நின்றது. எந்த வண்டி நுழையவும் அந்தத் தானியங்கித் தடுப்பு போனில் கேட்கும்; எல்லா வீடுகளும் சம்மதிக்க வேண்டும். மாநகராட்சியோடு மல்லுக்கட்டி அந்த விதியை வாங்கியவரே மாமனார் வேதாசலம்தான்.

"ஒரே ஒரு வீடு வேண்டாம்ங்குது!" என்று எதிர்வீட்டு ஸ்டெல்லா கத்தினாள்.

"எந்தப் பாவி வீடு, அக்கா?"

"உங்க வீடுதான்டி!"

மணல் லாரிகளுக்குப் பயந்து, எது கேட்டாலும் 'வேண்டாம்' என்றே பதில் போகும்படி மாமனார் தன் போனில் அமைத்து, தன் குரலுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டியிருந்தார்.

"மாமா, போன்ல சரின்னு சொல்லுங்க!"

"சரி... சரி..." புகை அடைத்த தொண்டை கரகரத்தது.

தெருமுனைத் தடுப்பு பணிவாகப் பேசியது: "மன்னிக்கவும். இது வேதாசலம் ஐயாவின் குரல் இல்லை."